இல்லாத வீதிக்குப் போன கடிதம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சாமி முன்னால் நின்று, இந்த வருஷம் எழுதிவிடுகிறேன் முருகா என்று சொல்லிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்து ரெண்டு வரி எழுதுவேன். பிறகு மூடி, மகளின் புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிடுவேன். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவன், அதிலும் கணக்கில் பெயில். எழுத்துப் பிழையைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள் என்ற கூச்சம் ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரிய காரணம், ஒரு பிள்ளைக்கு வந்த கடிதம் அவள் கைக்குச் சேராமல் போனதற்கு நான்தான் பொறுப்பு என்பது. அவள் டீச்சராக வேண்டியவள். யாருடைய பெயரையும் இதில் எழுதவில்லை. தேயிலைத் தோட்டத்தின் பெயரும் இல்லை. அவர்கள் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார்கள்.

நான் இன்டர்நெட் வேலை செய்கிறவன். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் ஏதோ குளிர் போட்ட அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். நான் உட்காருவது பெரும்பாலும் தகரக் கூரையின் மேல். கம்பெனியின் நேரடி ஆளும் இல்லை. கம்பெனியின் வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்துச் செய்யும் ஒருவரிடம் வேலை. பதுளையில் அவருடைய சின்ன ஆபிஸ், ஒரு மேசை, ரெண்டு கதிரை. அங்கிருந்து காலையில் ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரு நாள் ஸ்பிரிங்வெளி, ஒரு நாள் நமுனுகுல, ஒரு நாள் பூனாகலை என்று மலை மலையாகச் சுற்ற வேண்டும். கூரையில் அன்டனா பூட்டி, வயரை உள்ளே இழுத்து, ரவுட்டர் பெட்டியை வைத்து, சிக்னல் வருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்க வேண்டும். நமுனுகுல பக்கம் பனி இறங்கினால் பக்கத்துக் கூரையே தெரியாது. இறங்கி வந்து சப்பாத்தைக் கழற்றினால் அட்டை ரெண்டு மூன்று ரத்தம் குடித்துத் தொங்கும். குரங்கு வயரைக் கடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மருமகள் போனிலேயே கிடக்கிறாள் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மாமியார் சொன்னார்கள், "தம்பி, ராத்திரி எட்டு மணிக்கு மேல அவளுக்கு மட்டும் நெட்ட நிப்பாட்டி வைக்க ஏலாதா?" நான் இல்லைங்கம்மா என்றேன். "பொறகு எதுக்குத்தான் நீ இருக்க?" என்றார்கள்.

முழங்கால் ரெண்டும் இப்போது ஏணியைப் பார்த்தாலே வலிக்கிறது. ஆனாலும் அந்த வேலைதான் சோறு போடுகிறது, குறை சொல்லக்கூடாது.

தோட்டத்துச் சனங்கள் ரவுட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நான் தடுக்க மாட்டேன். நானும் அப்படித்தான், ஏணிக்கு வெள்ளிக்கிழமை திருநீறு பூசுவேன். காற்றுப் போகிற ஓட்டையில் மட்டும் வைக்காதீங்க, சூடாகிவிடும் என்று சொல்லிவிட்டு வருவேன். ஆனால் அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் என்னை அந்தக் காலத்தில் படுத்தியெடுத்தது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரரின் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். வேலை எப்படி இருந்தது, ஒன்றில் இருந்து ஐந்துக்குள் ஒரு நம்பர் அமுக்குங்கள் என்று கேட்கும். ஐந்துதான் நல்லது. இவர்கள் எல்லாரும் ஆசையாக ஒன்றை அமுக்கிவிடுவார்கள். ஸ்கூலில் முதலாம் பிள்ளைதானே கெட்டிக்காரன். ஒரு அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்து, ரொட்டி சுட்டுக் கொடுத்து, மகனைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு ஒண்ணாம் நம்பர் போடுடா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் போட்டுவிட்டான். இப்படி ஒரே மாதத்தில் பதினெட்டுப் பேர். ஊவா மாகாணத்திலேயே மோசமான வேலைக்காரன் நான்தான் என்று கொழும்பிலிருந்து கொந்தராத்துக்காரருக்குப் போன் வந்தது. "இன்னும் ஒரு மொறைப்பாடு வந்துச்சுன்னா உன்ன வெச்சிருக்க ஏலாது" என்று அவர் சொல்லிவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பயம் அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்கூல் எல்லாம் மூடிக் கிடந்து, பிள்ளைகள் போனில் படித்த காலத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் கனெக்சன் கேட்டார்கள். அப்போதுதான் விலாசத் தொல்லை வந்தது. லயத்தில் பன்னிரண்டு காம்பரா இருந்தால் பன்னிரண்டு குடும்பம். ஆனால் பன்னிரண்டுக்கும் ஒரே விலாசம்: தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர், பதுளை. யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபிசுக்குப் போகும். அங்கிருந்து காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நாலு தலைமுறையாக அதுதான் வழக்கம்.

கம்பெனியின் சிஸ்டத்துக்கு இந்த வழக்கம் தெரியாது. ஒரு விலாசத்துக்கு ஒரு கனெக்சன்தான் கொடுக்கும். முதல் காம்பராவுக்கு எடுத்துக்கொண்டது. ரெண்டாம் காம்பராவுக்குப் போட்டால், இந்த விலாசத்தில் ஏற்கனவே கனெக்சன் உண்டு என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த பிள்ளை சொன்னது, "அண்ணே, வீட்டு நம்பரும் வீதிப் பேரும் போடுங்க, எடுக்கும்."

"அம்மா, இங்க வீட்டுக்கு நம்பரும் இல்ல, வீதியும் இல்ல."

"வீதி இல்லாம எப்படி அண்ணே வீட்டுக்குப் போறாங்க?"

லயத்தின் முன்வாசலில் நின்று பார்த்தேன். தேயிலைக்கு நடுவில் ஒரு ஒத்தையடிப் பாதை. லயத்துக் கோடியில் மரத்தடியில் சூலம் நட்ட சின்னச் சாமி. பிள்ளைகள் பாடத்துக்குக் காத்துக்கொண்டு நின்றன. நான் போனில் எழுதினேன்: இலக்கம் 2, கோயில் வீதி, பதுளை. பச்சை எழுத்து வந்தது. தோட்டத்தின் பெயரையும் சேர்க்கப் பார்த்தேன், அந்தக் கட்டத்தில் எழுத இடம் பத்தவில்லை. விட்டுவிட்டேன். மூன்று, நாலு, ஐந்து என்று பன்னிரண்டு வரைக்கும் போட்டு முடித்தேன். அன்றைக்கு எனக்கு ஏதோ புண்ணிய காரியம் செய்த மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

சனங்களுக்கும் பெரிய சந்தோசம். முதல் பில்லில் விலாசம் அச்சடித்து வந்ததும் ஒரு கொழுந்தெடுக்கிற அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அடியே, நாம வீதியில குடியிருக்கோமாம்டி!" என்று கத்தினார்.

"ரோட்டயே காணோம், வீதி மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" என்றார் பக்கத்துக் காம்பராக்காரி.

"ரோடு பொறகு வரும். மொதல்ல பேரு வந்துருச்சில்ல."

ஒருவர் கதவில் பெயின்டால் நம்பர் எழுதினார். அதைப் பார்த்து எல்லாரும் எழுதினார்கள். பிறகு நான் போன இடத்தில் எல்லாம் இதே வேலைதான். ஒரு லயத்துக்குத் தண்ணித்தாங்கி வீதி, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குப் பக்கத்து லயத்துக்குப் பிள்ளைமடுவ வீதி. பொய் என்று அப்போது மனசில் படவில்லை. பெயர் இல்லாத இடத்துக்குப் பெயர் வைத்தால் அது பொய்யா என்று நானே கேட்டுக்கொண்டு, இல்லை என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

கோயில் வீதி ஏழாம் நம்பரில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தகப்பன் இல்லை. தாய் கொழுந்தெடுப்பவர், என்னை அண்ணே என்பார். மகள் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு இருந்தாள், என்னை மாமா என்பாள். என் ரவுட்டரில் அந்த லயத்தில் யாராவது ஒழுங்காகப் படித்தார்கள் என்றால் அது அவள்தான். காணொளியைப் பார்த்துப் பார்த்து எழுதிய கொப்பிகளை ஒரு பிஸ்கட் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். ரிசல்ட் நல்லபடி வந்தது. டீச்சர் வேலைக்குப் படிக்கிற கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கூப்பிட்டதும் வீட்டிலிருந்தே போனில் நிரப்பினாள். விலாசம் என்ற இடத்தில் இன்டர்நெட் பில்லில் இருந்ததைப் பார்த்து எழுதினாள். இலக்கம் 7, கோயில் வீதி, பதுளை.

ஏன் அதை எழுதினாள் என்று பிறகு கேட்டேன். "அழகா இருந்துச்சு மாமா" என்றாள். "லயம்னு எழுதினா இன்டர்வியூல ஒரு மாதிரி பாப்பாங்கன்னு நெனச்சேன்."

ஒரு திங்கட்கிழமை காலையில் தாய் எனக்குப் போன் போட்டார். "அண்ணே, மத்தப் புள்ளைங்களுக்கெல்லாம் இன்டர்வியூ கடதாசி வந்துருச்சு. எம்புள்ளைக்கு வரல. பெரட்டுக்களத்துலயும் கேட்டுட்டேன். நீங்க போட்ட அட்ரசுக்குத்தானே எழுதுச்சு, அது எங்க போயிருக்கும்?"

மேல் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் கடிதம் வந்து ஒரு கிழமை, ஏழு நாள் ஆகிறது, இன்டர்வியூ புதன்கிழமையோடு முடிகிறது என்றும் சொன்னார். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு டவுன் தபால் கந்தோருக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். விஷயத்தைச் சொன்னேன். பதிவுத் தபால் புத்தகத்தை விரித்து விரலை வைத்துக்கொண்டே வந்தார்.

"ஓம், வந்திருக்கு. கோயில் வீதி ஏழாம் இலக்கம் சைக்கிள் கடை எல்லோ? அங்கை உந்தப் பேரிலை ஒருத்தரும் இல்லையெண்டு எழுதிக் கிடக்கு. ரெண்டு தரம் கொண்டு போயிருக்கினம். வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பியாச்சு."

"ஐயா, அது டவுன்ல இருக்கிற கோயில் வீதி இல்லீங்க. தோட்டத்துல இருக்கிற கோயில் வீதி."

"தோட்டத்திலை எங்கை தம்பி கோயில் வீதி? முப்பது வருசமா எனக்குத் தெரியாத றோட்டே?"

"நான்தாங்க ஐயா பேரு வெச்சேன்."

அவர் புத்தகத்தை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "றோட்டுக்குப் பேர் வைக்கிறதுக்கு நீர் ஆர், மேயரோ?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஆனால் பெரியவர் நல்ல மனுசன். திட்டிவிட்டு, கடிதம் அனுப்பிய அலுவலகத்தின் நம்பரைத் தேடி எடுத்து, தானே போன் போட்டு ரிசீவரை என் கையில் தந்தார்.

அங்கே பேசிய அம்மா சொன்னது இதுதான். கடிதம் திரும்பி வந்துவிட்டது. பிள்ளையின் அடையாள அட்டையில் ஒரு விலாசம், விண்ணப்பத்தில் இன்னொரு விலாசம் என்பதால் பொய் விலாசம் கொடுத்ததாகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ரெண்டு கடிதம் கொண்டு வந்தால் இன்டர்வியூ எடுக்கலாம். ஒன்று, இந்தத் தோட்டத்தில்தான் குடியிருக்கிறாள் என்று ஜி.எஸ். எனப்படும் கிராம சேவகர் தருவது. மற்றது, அந்தப் பில்லைக் கொடுத்த இடத்திலிருந்து, விலாசத்தைப் போட்டது நாங்கள்தான், பிள்ளையில் பிழை இல்லை என்று சீல் அடித்துத் தருவது. புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு முன்னால் வர வேண்டும். போட்டோ பிடித்து அனுப்பலாமா என்று கேட்டேன். கையெழுத்தோடு மூலப் பிரதிதான் வேண்டும் என்றார். மலை மேலெல்லாம் இன்டர்நெட் பூட்டியவன் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் போக வேண்டும்.

தாய்க்குப் போன் போட்டு, "நீங்க ஜி.எஸ். ஐயாகிட்ட கடதாசி எடுங்க. மத்தது என் பொறுப்பு, நாளைக்குக் காலையில தர்றேன்" என்றேன். அவர் போனிலேயே அழுதார். "முருகனே உங்கள அனுப்பியிருக்கான் அண்ணே" என்றார்.

அன்று பின்னேரம் கொந்தராத்துக்காரரிடம் சொன்னேன். அவர் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"இந்த மாதிரி எத்தன அட்ரஸ் போட்டிருக்க?"

"எழுவது இருக்கும்."

"எழுவது! நீ ஒண்ணுக்கு எழுதிக் குடுத்தா எழுவதும் வெளிய வரும். கம்பெனி என் கொந்தராத்த வெட்டும். அந்தப் புள்ள தானாவே பிழையாப் போட்டுச்சுன்னு சொல்லிரு, முடிஞ்சுது கதை."

"அது பொய்யில்லீங்களா?"

"ஓ, வீதி வெச்சது மட்டும் மெய்யாக்கும்." பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். "சீல் மேசை லாச்சிக்குள்ளதான் கெடக்கு, பூட்டு கூட இல்ல. எடுக்கிறதுன்னா எடு. ஆனா எடுத்த பொறகு வேலைக்கு வராத."

இனிமேல் எழுதுவதை நிதானமாக எழுத வேண்டும். என் மனைவிக்கும் இது போன மாதம் வரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஆபிசுக்குப் போனேன். கொந்தராத்துக்காரர் இல்லை. லாச்சியைத் திறந்து சீலைப் பார்த்தேன். மூடிவிட்டேன். போனை நிறுத்திச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பூனாகலைப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அங்கே அப்படி அவசர வேலை எதுவும் இல்லை. செவ்வாய் எனக்கு விரத நாள். போகிற வழியில் கோயிலில் ஏறி மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். கற்பூரம் கொளுத்தி மனசார வேண்டினேன். என்ன வேண்டினேன் என்றால், முருகா, என் வேலை போகக்கூடாது, எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கிறது என்று. அந்தப் பிள்ளைக்காக நான் வேண்டவில்லை. அவள் விஷயத்தை நீயே பார்த்துக்கொள் என்று சாமியின் தலையில் கட்டிவிட்டேன். விரதம் இருந்துகொண்டு சாமி வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தவன் நான்.

புதன் காலையில்தான் நிறுத்தியிருந்த போனைத் திரும்பப் போட்டேன். கூப்பிட்டிருந்தது பதினொரு தடவை. ஒரு குரல் மெசேஜும் இருந்தது, மகளுடையது. "மாமா, ஜி.எஸ். கடதாசி நேத்தே எடுத்துட்டோம். நீங்க வேலையா இருப்பீங்க. முடிஞ்சா கூப்புடுங்க மாமா." கோபமாக ஒரு சொல் இல்லை. வேலையாக இருப்பேன் என்று அவளே எனக்காகச் சாக்கும் சொல்லியிருந்தாள்.

அதைக் கேட்ட பிறகும் உடனே எழும்பவில்லை. ஆபிசில் கொந்தராத்துக்காரர் இருப்பாரோ என்று பார்த்துப் பார்த்து, அவர் வெளியே போன பிறகு பத்து மணிக்கு மேல்தான் உள்ளே போனேன். கடிதம் எழுத எனக்கு வரவில்லை. மூன்று தாள் கிழித்தேன். கடைசியில், இந்த விலாசத்தை நானே போட்டேன், இந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை என்று ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்து சீலை அடித்தேன். தாயும் மகளும் பஸ் நிலையத்துக்கு வந்து நின்றார்கள். நானும் ஏறினேன். பன்னிரண்டு மணி பஸ். போகிற ஊருக்கு நாலரை மணி நேரம். மூன்று மணிக்குள் போய்ச் சேர மாட்டோம் என்ற கணக்கு ஏறும்போதே மூன்று பேருக்கும் தெரியும். இருந்தும் போனோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேடம் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். போனில் பேசியவர் அவர்தான், குரலில் தெரிந்தது. ரெண்டு கடிதத்தையும் வாங்கி நின்றபடியே படித்தார்.

"இதுதானே கேட்டது. எல்லாம் சரியாத்தான் இருக்கு. நேத்து வந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. இன்னைக்கு மத்தியானம் வந்திருந்தாலும் எடுத்திருப்போம். லிஸ்ட் கையெழுத்தாகிப் போயிருச்சேம்மா." பிறகு என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமையே உங்ககிட்ட சொன்னேனே. ஏன் இன்னைக்குத் தேதி போட்டிருக்கு?"

நான் சொன்னேன், "சீல் கிடைக்கலீங்க மேடம்."

தாய் உடனே என் பக்கம் நின்று பேசினார். "அவரக் குத்தம் சொல்லாதீங்கம்மா. எங்களுக்காக ரெண்டு நாளா அலையுறாரு."

மகள் சான்றிதழ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையின் பொத்தானை அமுக்கி மூடினாள். அந்த வருஷப் பரீட்சைக்காரர்களுக்கு அதுதான் ஒரே வாய்ப்பு, அடுத்த வருஷம் அடுத்த செட்டுக்கு என்று மேடம் விளக்கினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் தாய் ஒரு பையைத் திறந்து ரொட்டியும் சம்பலும் எடுத்தார். "சாப்புடுங்கண்ணே, நீங்களும் காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல." நான் வாங்கிச் சாப்பிட்டேன். நாலு வருஷமாக எனக்குத் தொண்டையில் நிற்பது அந்த ரொட்டிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வேலை போகவில்லை. சீல் எடுத்ததைக் கொந்தராத்துக்காரரிடம் நானே சொன்னேன். அரை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார், அடுத்த நாள் பூனாகலைக்குப் போகச் சொன்னார். கம்பெனியிலிருந்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுபது விலாசமும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. சிஸ்டம் மாறவில்லை. இப்போதும் புது லயத்துக்குப் போனால் ஏதாவது ஒரு வீதி எழுதாமல் கனெக்சன் கொடுக்க முடியாது. எழுதிவிட்டு, "இது பில்லுக்கு மட்டும்தாங்க, வேற எதுலயும் எழுதிறாதீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. மலைக்கு மேல் இன்டர்நெட் ஏறிவிட்டது, ஒரு கடிதம் நேராக வாசலுக்கு வர இன்னும் வழி இல்லை. இதை யாரிடம் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் ஒரு வீட்டில் ரவுட்டர் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவைச் சத்தமாகப் போட்டார். யாரோ ஒரு அம்மாவின் குரல். நம்ம மலையகத்தில் நடந்த உண்மைக் கதை என்று ஆரம்பித்தது. லயத்துப் பிள்ளைக்கு இன்டர்வியூ கடிதம் தவறிப்போனதாம். இன்டர்நெட் வேலை செய்யும் ஒரு ஏழை அண்ணன் தன் வேலையையும் தூக்கி எறிந்துவிட்டுக் கடிதத்தோடு பஸ்ஸில் ஓடினாராம். கதவைச் சாத்துகிற நேரத்தில் உள்ளே விட்டார்களாம். இன்றைக்கு அந்தப் பிள்ளை டீச்சராம். முருகன் அருளை நம்புகிறவர்கள் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று முடிந்தது.

"பாத்தீங்களாண்ணே, உங்க வேலை செய்யிற ஆளுங்கள்லயும் இப்புடி தங்கமான மனுசன் இருக்கான்" என்றார் வீட்டுக்காரர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டும் இல்லை, கேட்கக் கேட்க எனக்கு இதமாகவும் இருந்தது. அன்றைக்கு முழுக்க நல்ல மனுசனாக நடந்து திரிந்தேன்.

போன மாதம்தான் அவளைப் போய்ப் பார்த்தேன். கல்யாணம் முடித்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் இருக்கிறாள். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தாள், மடியில் குழந்தை. தேத்தண்ணி தந்தாள். பேச்சு வாக்கில் தானே சொன்னாள், "அந்த வாட்ஸ்அப் கதை எனக்கும் வந்துச்சு மாமா. கடையில வேலை செய்யிற புள்ளதான் அனுப்புச்சு, என்னப் பத்தின்னு தெரியாம. அதுல நான் டீச்சராயிட்டேன்." சிரிக்கப் பார்த்தாள். "ரெண்டு மொற கேட்டேன். பொறகு அழிச்சுட்டேன்."

அப்போதுதான் சொன்னேன். சீல் கிடைக்கவில்லை என்றது பொய், திங்கட்கிழமையே அது லாச்சியில் இருந்தது, செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணால் பார்த்துவிட்டு மூடினேன், போனை நிறுத்திவிட்டுக் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சொன்னேன்.

அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "செவ்வாக்கிழமை நான் காலையிலேயே தலைக்குக் குளிச்சு, சேலை கட்டி, பையெல்லாம் எடுத்து வெச்சுட்டு வாசல்ல உக்காந்திருந்தேன் மாமா" என்றாள். "பஸ் சத்தம் கேக்கிறப்பல்லாம் எந்திரிப்பேன். அம்மாதான், அவருக்கு என்னமோ ஆயிருச்சு போல, பாவம்னு சொன்னாங்க."

நான் கும்பிட்டேன். அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அம்மாகிட்டயும் நீங்களே போயி சொல்லுங்க" என்றாள். "பொறகு எழுதுங்க. எல்லாரும் அந்தக் கதையத்தான் உண்மைன்னு நெனச்சுட்டிருக்காங்க. ஆனா நான் அழுதேன்னு எழுதிறாதீங்க. நான் அழல."

தாயிடமும் போய்ச் சொன்னேன். அவர் கொழுந்துக்கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அது நடந்து மூன்று கிழமை ஆகிறது. இன்னும் அவர் என்னோடு பேசவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாருக்காவது இதை அனுப்புவதாக இருந்தால் இப்படியே அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினால் செவ்வாய்க்கிழமையை விட்டுவிடாமல் வாசியுங்கள். மனசு கேட்காமல் யாராவது அந்தப் பிள்ளையைக் கடைசியில் டீச்சராக்கிவிடுவார்கள், எனக்குத் தெரியும். தயவு செய்து ஆக்காதீர்கள். அவள் ஆகவில்லை. என்னையும் நல்லவனாக்க வேண்டாம். இதில் இருக்கிற அளவுக்கு மேல் நான் அன்றைக்கு எதுவும் செய்யவில்லை.